முப்பத்தைந்துக்கு இரண்டு வழி

52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் வகுப்பில் சில குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். சரியான விடை 25. தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிடலாம். ஆனால் 35-க்கு வந்து சேர இரண்டு வழிகள் உண்டு. ஒரு குழந்தை, 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதியிருக்கும். இன்னொரு குழந்தை முறையாகக் கடன் வாங்கி, 12-லிருந்து 7-ஐக் கழித்து அதே 5-ஐப் பெற்றிருக்கும். கடன் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டதை மட்டும் மறந்திருக்கும். முதல் குழந்தைக்குக் குச்சிக் கட்டுகளை அவிழ்த்துக் காட்டித் தொடக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு ஒரு நினைவூட்டல் போதும். வகுப்பறை மதிப்பீட்டு முறைகளை உரசிப் பார்க்க இந்த ஒரு கணக்கே நல்ல உரைகல்.

மதிப்பீட்டில் இரு வகை உண்டு. பாடம் நடக்கும்போதே கற்றலைச் சீராக்க உதவுவது வளரறி மதிப்பீடு. பாடம் முடிந்தபின் எவ்வளவு தேறியது என்று அளப்பது தொகுத்தறி மதிப்பீடு. இந்தப் பிரிவினையை 1967-இல் முன்வைத்தவர் மைக்கேல் ஸ்கிரிவன். தமிழகத்தில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60 என மதிப்பெண் பிரிக்கப்பட்டது.

வளரறி வழிகளில் மிக எளியது வாய்மொழிக் கேள்வி. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "புரிஞ்சுது மிஸ்!" என்று சொல்லும். அந்தக் குரலில் புரியாத பத்துப் பேரும் இருப்பார்கள். அதைவிட, எல்லாரும் விடையைச் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் உயர்த்திப் பிடிக்கும் பழைய வழக்கம் எவ்வளவோ மேல். ஒரு பார்வையில் நாற்பது விடைகள் தெரிந்துவிடும். 35 என்று காட்டிய குழந்தையிடம் "எப்படிச் செய்தாய், சொல்லு" என்று கேட்டுப் பொறுத்திருந்தால் வழியும் தெரிந்துவிடும். பொறுத்திருப்பதுதான் கடினம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதுமே மாணவர்களின் விடைகள் நீண்டன; பேசாதவர்களும் பேசினார்கள்.

கொள்குறி வினாவைத் திருத்துவது எளிது. யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண்தான். நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டுவிடலாம் என்பது அதன் குறை. ஆனால் வினாவை அமைப்பவர் யோசித்தால் அதுவே நல்ல கருவியாகும். 52-க்குப் பதிலாக 53-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், திருப்பிக் கழித்த குழந்தைக்கு 34 வரும், கடனை மறந்த குழந்தைக்கு 36 வரும், சரியாகச் செய்தால் 26. மூன்றையும் விடைகளில் வைத்துவிட்டால், தேர்ந்தெடுத்த விடையே குறையைச் சொல்லிவிடும்.

நெடுவினா, மாணவர் கருத்தைக் கோத்துச் சொல்லும் திறனைக் காட்டுகிறது. வேறெதுவும் அதை இவ்வளவு காட்டாது. மனப்பாடம் செய்த பத்தியும் அதே வடிவில் வந்து நிற்பது ஒரு சிக்கல். திருத்துபவருக்குத் திருத்துபவர் மதிப்பெண் மாறுவது பெரிய சிக்கல். 1912-இல் டேனியல் ஸ்டார்ச்சும் எட்வர்ட் எலியட்டும் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். வந்த மதிப்பெண்களில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடையே முப்பதுக்கு மேல் வேறுபாடு இருந்தது. எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே விடைக்குறிப்பு எழுதிக்கொள்வது இந்த இடைவெளியைக் குறைக்கும்.

செயல்திட்டங்களும் மாதிரிகளும் எழுத்தில் பின்தங்கிய குழந்தைக்கும் இடம் தருபவை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பெற்றோரின் கைத்திறனே மதிப்பெண் வாங்கும். வகுப்பிலேயே செய்யவைத்தால்தான் ஆசிரியர் பார்க்க ஏதாவது இருக்கும்.

பொதுத்தேர்வின் பலம் நடுநிலை. மாணவரை அறியாதவர் திருத்துகிறார். அதன் முடிவு வரும்போது அந்த மாணவர் அந்த வகுப்பில் இருப்பதில்லை. எனவே கற்பித்தலைத் திருத்த அது பயன்படாது.

எந்த முறையானாலும் திருத்திய தாளில் என்ன எழுதித் தருகிறோம் என்பது முக்கியம். இஸ்ரேலில் ரூத் பட்லர் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வில், சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். மதிப்பெண் கண்ணில் பட்டதும் பக்கத்திலிருந்த குறிப்பு பயனற்றுப்போனது. 35 என்று எழுதிய அந்த இரண்டாவது குழந்தையின் நோட்டில் எழுத வேண்டியது ஒரே வரிதான்: "ஒன்றுக்குக் கடன் கொடுத்த பிறகு, பத்தில் எத்தனை மீதி இருக்கிறது?"