வீட்டுப் பணியும் பதவி உயர்வும்

‘கிட்ட உறவு முட்டப் பகை’ என்பது பழமொழி. உறவினரிடையே அஃது எவ்வாறாயினும், அலுவலகத்தில் நிலைமை வேறு. அங்குக் கிட்ட இருப்பவரே மேலாளரின் கண்ணில் படுகிறார். எட்ட இருப்பவரின் உழைப்போ பெரும்பாலும் ஏட்டில் மட்டுமே பதிகிறது.

மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18ஆம் நாள் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கிற்று. அலுவலர் பலர் வீட்டிலிருந்தே பணியாற்றினர். தமிழாசிரியரும் வீட்டிலிருந்தே கற்பித்தனர். நோய் தணிந்த பின்னும் இம்முறை முற்றும் மறையவில்லை. அதனால் எழும் சிக்கலின் தன்மையை அறிதல் வேண்டும்.

வீட்டில் இருப்பவர் ஒழுங்காக வேலை செய்வாரா என்பதே முதலாளிகளின் முதல் ஐயம். நோய்க்காலத்துக்கு முன்பே இதனைச் சோதித்துப் பார்த்தது சீன நாட்டு ஷாங்காய் நகரின் ‘சிட்ரிப்’ என்னும் பயண நிறுவனம். அதன் தொலைபேசிச் சேவைப் பிரிவில் வீட்டுப் பணியை விரும்பி, அதற்குரிய தகுதியும் பெற்றிருந்தோர் 249 பேர். பிறந்த தேதி இரட்டைப்படையாக அமைந்தவர் வாரத்தில் நான்கு நாள் வீட்டில் பணியாற்றினர். ஏனையோர் முன்போல் அலுவலகம் சென்றனர். 2010 டிசம்பரில் தொடங்கிய இச்சோதனை ஒன்பது மாதம் நடைபெற்றது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் நிக்கலஸ் புளூமும் அவர்தம் குழுவினரும் இதனை ஆராய்ந்தனர்.

வீட்டிலிருந்தோர் ஆற்றிய பணி 13 விழுக்காடு உயர்ந்தது. இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்ததால் 9 விழுக்காடும், அமைதியான சூழலில் நிமிடத்துக்கு மிகுதியான அழைப்புகளை ஏற்றதால் 4 விழுக்காடும் கூடின. வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாயிற்று. முதல் ஐயம் இவ்வாறு நீங்கியது.

ஆயினும், ஒரே அளவு திறம் காட்டியவர்களை ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்தோர்க்குப் பதவி உயர்வு குறைவாகவே கிட்டியிருந்தது. இதற்குக் கூறத்தக்க காரணங்கள் இரண்டு. ஒன்று, கண்ணில் படாதவர் மேலாளரின் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. மற்றொன்று, பலரை நடத்தும் பழக்கம் பலரோடு இருந்தே கைவருவது. சோதனைக்குப் பின் இடத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை தரப்பட்டதும், தனிமை தாளாமல் அலுவலகத்துக்கே திரும்பியோரும் பலர்.

அலுவலகம் வருவோர்க்கும் குறை உண்டு. பயணத்தில் நேரமும் பணமும் கழிகின்றன. எதிர்பாராமல் வரும் வேலை அருகில் இருப்பவர் தலையிலேயே விழுகிறது. தாதியர்க்கும் பேருந்து ஓட்டுநர்க்கும் வீட்டுப் பணி என்னும் பேச்சுக்கே இடமில்லை.

அதே நிறுவனம் 2021, 2022ஆம் ஆண்டுகளில் 1,612 ஊழியரிடையே வேறொரு முறையைச் சோதித்தது. வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்பதே அம்முறை. விலகுவோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பதவி உயர்விலோ வேறுபாடு காணப்படவில்லை. முகம் காணும் நாள் சில இருப்பின் உழைப்பு மறக்கப்படுவதில்லை என்று இதனால் கருதலாம்.

மலேசியாவின் திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. ஊழியர் நீக்குப்போக்கான பணிமுறையை எழுத்து மூலம் கோரினால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் விடையளித்தல் வேண்டும்; மறுப்பின் காரணமும் கூறல் வேண்டும். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் விடையளிக்க இரண்டு மாதம் தருகின்றன. இவ்விரண்டும் கேட்கும் உரிமையை உறுதி செய்கின்றன. கேட்டது கிடைக்கும் என உறுதி கூறவில்லை.

கோரிக்கை ஏற்கப்பட்ட பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பதவி உயர்வுக்கு அளவுகோல் பணியா, முகமா என்பதே அது. அவ்வளவுகோலை முன்கூட்டியே எழுதி இரு சாரார்க்கும் அறிவிப்பதும், குழுவினர் அனைவரும் ஒன்றுகூடும் நாளை வரையறுப்பதும் நிறுவனத்தார் கடமையாகும். அது செய்யப்படாத இடத்தில், வீட்டிலிருந்து உழைப்பவர் வேலையை இழப்பதில்லை, வளர்ச்சியை இழக்கிறார்.