கில்காமேஷ் கண்ட நட்சத்திரக் கனவு

கனவில் நட்சத்திரம் விழுந்தால் என்ன பலன்? பழைய மெசபடோமியக் காவியம் ஒன்றில், ஒரு தாய் இதற்குப் பதில் சொல்கிறாள்.

இன்றைய தெற்கு ஈராக்கில் இருந்த ஊருக் நகரின் அரசன் கில்காமேஷ். ஒருநாள் இரவு அவன் கனவில் விண்மீன்கள் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்று பெரும் பாறையாக அவனருகே விழுகிறது. தூக்கப் பார்க்கிறான், முடியவில்லை. புரட்டப் பார்க்கிறான், அசையவில்லை. ஊரே திரண்டு வந்து அதைச் சூழ்ந்துகொண்டு முத்தமிடுகிறது.

கனவைத் தாய் நின்சுனிடம் சொல்கிறான். அவள் கலங்கவில்லை. விழுந்தது கேடு அல்ல, உனக்கு நிகரான வலிமையுள்ள தோழன் வரப்போகிறான், ஆபத்தில் உன்னைக் காப்பான் என்கிறாள். அப்படியே என்கிடு என்பவன் வருகிறான். முதலில் இருவரும் கட்டிப் புரண்டு மல்லுக்கு நிற்கிறார்கள், பிறகு உயிர்த்தோழர்கள் ஆகிறார்கள். விழும் நட்சத்திரத்துக்கு இதைவிட அழகான பலனை நான் எங்கும் படித்ததில்லை!

மெசபடோமிய மக்களுக்கு விண்மீன் என்றால் தெய்வம். ஊருக் நகரம் வணங்கிய இஷ்தார் தேவியை வானத்து வெள்ளியிலேயே கண்டார்கள். அவர்களது ஆப்பெழுத்தில் தெய்வங்களின் பெயருக்கு முன்னால் இட்ட குறி, தொடக்க காலத்தில் நட்சத்திர வடிவிலேயே இருந்தது.

இந்தக் காவியத்தின் களிமண் பலகைகள் பல, கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் அசூர்பனிபால் நினிவே நகரில் சேர்த்த நூலகத்தில் கிடைத்தவை. கனவுகளுக்குப் பலன் சொல்லும் பலகைகளும் அதே நூலகத்தில் இருந்தன.