தலையைத் தாங்கி வந்தவன்

போன கிழமை உங்களை மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டை வாசலில் நிறுத்திவிட்டுப் போனேன். 1804 செப்டெம்பரில் அந்த வாசலால் ஒரு பிரித்தானியப் படை வெளிக்கிட்டது. கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் தலைவர். சுமார் 300 சிப்பாய்கள். வெள்ளையர், மலாய்க்காரர், இந்தியாவிலிருந்து திரட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள். சுமை தூக்கிகள் அவர்களைவிடக் கூட. போகவேண்டிய இடம் கண்டி.

பெரியகல்லாற்றில் இருந்து இதை எழுதுகிறேன். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு மணற்கீற்று. வாவிக்கு அங்கால் படுவான்கரை. அந்தக் கரையின் வயலும் காடும் தாண்டித்தான் கண்டி நாடு. இந்தப் பக்கம், எழுவான்கரையில் நின்று பார்த்தால் பொழுது விழுகிற பக்கம் அது. அந்தப் படையிலிருந்த 19ஆம் படைப்பிரிவுக்காரருக்கும் அது அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். முந்தின வருசம் அங்கே போன தோழர்களில் அநேகர் திரும்பி வரவில்லை.

1803இல் கண்டியைப் பிடித்து வைத்திருந்த மேஜர் டேவி, காய்ச்சலில் படையில் பலர் படுத்துவிட்டதால் ஜூன் 24இல் சரணடைந்தார். திருகோணமலைக்குப் போகவிடுவதாகப் பேச்சு. மகாவலிக்கரையில், வட்டாபுலுவவில், தோணி இல்லாமல் தங்கினார்கள். தங்களை நம்பி வந்த இளவரசர் முத்துசாமியையும் கண்டியர் கேட்க, முதலில் மறுத்துப் பிறகு கொடுத்துவிட்டார்கள். அதுவும் காப்பாற்றவில்லை. கண்டியர் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு அவர்களை வெட்டினார்கள். கண்டியில் நோயோடு விட்டுவந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கும் அதே கதி.

அங்கே வெட்டுப்பட்டுப் பிணங்களுக்குள் கிடந்தவன் ஜோர்ஜ் பார்ன்ஸ்லி, 19ஆம் படைப்பிரிவின் கோப்ரல். பிடரி நரம்பு அறுந்து தலை நிற்கவில்லை. ஒரு கையால் தலையைத் தாங்கிப் பிடித்தபடி ஆற்றைக் கடந்தேன் என்று சொன்னான். மாத்தளைப் பக்கத்து மக்டோவல் கோட்டைக்கு அவன் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டியில் நடந்தது வெளியே தெரிந்தது. அங்கிருந்த கப்டன் மேட்ஜ் கோட்டையை விட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கினார்.

பார்ன்ஸ்லி மாதிரி ஆட்களை எல்லாரும் ‘தானாக வந்து சேர்ந்தவன்’ என்பார்கள். உண்மைதான். பிரித்தானியத் தரைப்படைக்கு அப்போது கட்டாய ஆட்சேர்ப்பு இல்லை. அரசன் பெயரால் நீட்டிய ஒரு ஷில்லிங்கைக் கையில் வாங்கினால் சேர்ந்த கணக்கு. வாங்குகிறவன் வயிறு காய்ந்தவன். 1806இல் சட்டம் மாறும்வரை அந்த ஒப்பந்தத்துக்கு வருசக் கணக்கும் இல்லை. சாகும்வரை, அல்லது உடம்பு உதவாதுபோகும்வரை. உள்ளே வருவது மட்டும்தான் சொந்த விருப்பம்.

சுமை தூக்கிகளிடம் அந்த ஷில்லிங்கையும் யாரும் நீட்டவில்லை. ஆள் பிடித்துக் கொடுப்பது ஊர்த் தலைமைக்காரரின் கடமை.

ஜோன்ஸ்டனின் பயணம் ஒரு கடிதக் குழப்பம். பல துறைகளிலிருந்து படைகள் ஒரே நேரத்தில் கண்டியில் கூடுவது முதல் திட்டம். அது கைவிடப்பட்டது. பின்னால் வந்த கட்டளையை அவர் பிழையாக விளங்கிக்கொண்டார். ஒக்டோபர் தொடக்கத்தில் கண்டிக்குள் நுழைந்தால் வேறு ஒரு படையும் இல்லை. சில நாள் பார்த்திருந்துவிட்டுத் திருகோணமலைப் பக்கம் திரும்பினார். காட்டுக்குள் வழிநெடுகச் சூடு. சுமைகாரர் சுமையைப் போட்டுவிட்டு ஓட, தூக்க ஆளில்லாத காயக்காரர் பின்தங்கினார்கள். ஓடியவர்களைக் கோழைகள் என்று எழுதுவது எளிது. என்னைக் கேட்டால், அந்தப் படையிலேயே புத்தியாக நடந்தவர்கள் அவர்கள்தான்.

ஜோன்ஸ்டன் தப்பினார். 1810இல் லண்டனில் புத்தகம் போட்டார். காட்டுச் சண்டைக்குப் பெரும் படை உதவாது, சிறு பிரிவுகளே வேண்டும் என்று அதில் வாதாடினார். பின்னால் இங்கிலாந்தில் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்துமிடத்தில் பொறுப்பும் கிடைத்தது.

பார்ன்ஸ்லியைச் சார்ஜண்டாக உயர்த்தினார்கள். குடித்தான் என்று அந்தப் பதவியைப் பறித்தார்கள். 1805இல், சேவைக்கு உதவாதவன் என்று கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். இலங்கையில் வெள்ளைச் சிப்பாய்க்குச் சாராயம் அன்றாடப் படி. அதை அளந்து ஊற்றியதும் அதே பட்டாளம்தான்.

(தொடரும்)