எட்டு வாரமாக விடாத இருமல்

ஈப்போ வட்டாரத்தில் எந்த அரசாங்கக் கிளினிக்குக்குப் போனாலும், எண் வாங்கிக் காத்திருப்பவர்களில் நாலைந்து பேராவது இருமிக்கொண்டிருப்பார்கள். முறை வந்து உள்ளே போனதும் அவர்கள் பேசுவது முட்டிவலி, இனிப்புநீர், பிரஷர் பற்றி. இருமலைப் பற்றி டாக்டரே கேட்டால்தான், "அது பழைய இருமல் டாக்டர், தோட்டத்துல இருந்தப்பவே உண்டு" என்று பதில் வரும். பழையது என்பதாலேயே அது நோய்க்கணக்கில் சேராமல் போய்விடுகிறது.

மருத்துவம் இதை நேர்மாறாகப் பார்க்கிறது. சளிக்காய்ச்சலுக்குப் பின் வரும் இருமல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். பெரியவர்களுக்கு எட்டு வாரம் தாண்டினால் அது நாட்பட்ட இருமல்; காரணம் தேடியே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு நான்கு வாரம்தான் கெடு. உலக அளவில் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தத் தொல்லை இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இருமலுக்கென்றே நடத்தப்படும் சிறப்புக் கிளினிக்குகளுக்கு வருபவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், அதிலும் பெரும்பாலோர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்.

காரணம் தேடும் முறையை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க நுரையீரல் மருத்துவர் ரிச்சர்ட் இர்வின். 1981-இல் அவரும் சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வின் வழி எளிமையானது: இருமலைத் தூண்டும் நரம்புகள் எங்கெங்கே ஓடுகின்றனவோ அங்கெல்லாம் வரிசையாகத் தேடு. அவற்றில் முதன்மையான வேகஸ் நரம்பு நுரையீரலோடு நிற்பதில்லை. தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும் போகிறது; காதுத் துவாரத்துக்குக்கூட ஒரு கிளை உண்டு. காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். இப்படித் தேடியபோது அவர்களுடைய நோயாளிகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் காரணம் கிடைத்தது. நமக்கு இந்த வழி பொருந்தும். ஆனால் பேராக் மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்தவருக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் சில உண்டு.

முதலில் காசநோய் இல்லையென்று தெரியட்டும்

மலேசியாவில் காசநோய் ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். 1961-இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியும், அண்மை ஆண்டுகளில்கூட ஆண்டுக்கு 25,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆகவே இதற்கு எட்டு வாரக் கணக்கு செல்லாது. இரண்டு வாரம் இருமல் நீடித்தாலே சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கேட்கலாம்.

நம் சமூகத்துக்கு இதில் கூடுதல் கவலை இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நாட்டின் மொத்தச் சராசரி 18 விழுக்காடு. இனிப்புநீர் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பும் தேறிவிடுவதால், மாத்திரையை அங்கேயே விட்டுவிடுபவர்கள் உண்டு. மருந்துக்கு அசையாத காசநோய் உருவாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

என்ன வேலை செய்தீர்கள்?

கிளினிக்கில் இந்தக் கேள்வி அரிதாகவே வருகிறது. வந்தாலும் "தோட்ட வேலை" என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். தோட்ட வேலை என்பது ஒரு வேலை அல்ல.

ரப்பர் பால்வெட்டு திறந்தவெளி வேலை. கொசுக்கடியும் இடுப்புவலியும் தந்ததே தவிர, நுரையீரலை அவ்வளவாகக் கெடுக்கவில்லை. அதற்கு அடுத்த கட்டத்தில்தான் கெடுதல் இருந்தது. கொண்டுவந்து ஊற்றிய பாலில் ஃபார்மிக் அமிலம் கலந்து உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, புகைக்கூடத்தில் நாள்கணக்கில் விறகுப் புகை போடுவார்கள். அந்தத் தகட்டின் பழுப்பு நிறமே புகை ஏறிய நிறம். விறகு தள்ளியவர்கள், உள்ளே நுழைந்து கழிகளைத் திருப்பிவைத்தவர்கள், காய்ந்த தகட்டை எடுத்தவர்கள் எல்லாரும் அதே புகையைத்தான் சுவாசித்தார்கள். வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பினால் அங்கேயும் விறகடுப்பு.

விறகுப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு, ஒரு சிகரெட்டும் தொடாதவர்களாக இருந்தாலும், மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கும் நோய் வரக்கூடும் என்பதை இந்தியா முதல் மெக்சிகோ வரை நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சி.ஓ.பி.டி. என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். காலையில் சளியோடு இருமல், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குதல் என்று அது மெல்ல மெல்ல வரும். "இது புகைபிடிக்கிற ஆம்பிளைங்களுக்கு வர்றது" என்ற எண்ணத்தால் நம் பாட்டிகள் பலருக்கு இது கண்டுபிடிக்கப்படாமலே போயிற்று. ஒரு குழாயில் முழுமூச்சாக ஊதும் ஸ்பைரோமெட்ரி சோதனை போதும், தெரிந்துவிடும். சுருங்கிய குழாய் பழையபடி ஆகாது. ஆனால் இன்ஹேலரும் மூச்சுப் பயிற்சியும் ஒருவரை வீட்டுக்குள் முடங்காமல் நடமாட வைக்கும்.

அடுத்து, மருந்து அடித்தவர்கள். முதுகில் தொட்டியைச் சுமந்து களைக்கொல்லி தெளித்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. அதில் பேர்போனது பாராகுவாட். அதன் துளி மூக்கிலும் தொண்டையிலும் பட்டால் எரிச்சல், இருமல், மூக்கில் இரத்தம். விழுங்கிவிட்டால் நுரையீரலே தழும்பாகிப் பெரும்பாலும் சாவுதான். ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையிலிருந்த தெனாகானித்தா அமைப்பு, தோட்டப் பெண்களின் இந்த நிலையை 2002-இல் அறிக்கையாக வெளியிட்டது. அரசாங்கம் அதே 2002-இல் தடையை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடைசெய்தது. தளர்த்திய அந்த ஆண்டுகளுக்கு நியாயம் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகும், செம்பனைக்கு மாறிய பிறகும், வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் கல்லுடைக்கும் இடங்களுக்கும் கட்டுமானத்துக்கும் போனார்கள். கருங்கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். அது இருப்பவருக்குக் காசநோயும் எளிதில் தொற்றும். வேலையால் வந்த நுரையீரல் நோய் என்று மருத்துவர் உறுதிசெய்தால் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் இழப்பீடு கோர வழி உண்டு. அதற்கான 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிசும் வேலைவழி ஆஸ்துமாவும் இருக்கின்றன.

சுங்கை சிப்புட் மக்கள் 2008-இல் அப்போதைய அமைச்சர் சாமிவேலுவைத் தோற்கடித்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஜெயகுமார் தேவராஜ் ஒரு நுரையீரல் மருத்துவர். அவருடைய அரசியலை எப்படி எடைபோட்டாலும், தோட்டத்து வீடும் தோட்டத்து நெஞ்சும் ஒரே கதை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பிரஷர் மாத்திரையும் பாம்பின் நஞ்சும்

வறட்டு இருமல், தொண்டையில் அரிப்பு, சளி இல்லை, எக்ஸ்ரே சுத்தம். இப்படிப்பட்டவர் முதலில் பார்க்க வேண்டியது தம் மாத்திரைப் பையை.

பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சு இரத்த அழுத்தத்தை ஏன் அப்படி இறக்கிவிடுகிறது என்று ஆராய்ந்தவர் செர்ஜியோ ஃபெரெய்ரா. 1960-களில் அவர் கண்டது, உடலில் பிராடிகினின் என்ற பொருள் சிதையாமல் காக்கும் ஒரு கூறு. அந்தத் தடத்தில் பிறந்ததே கேப்டோப்ரில். பின்னால் எனலாப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று குடும்பம் பெருகியது. நம் அரசாங்கக் கிளினிக்குகளில் பெரிண்டோப்ரில் வெகுவாகக் கொடுக்கப்படுகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அருமையான மருந்துகள்தாம். ஆனால் சிதையாமல் நின்ற பிராடிகினின் மூச்சுக்குழாயிலும் சேர்ந்து, அங்குள்ள நரம்பைச் சீண்டிக்கொண்டே இருக்கிறது.

சாப்பிடுபவர்களில் 100-க்கு 5 முதல் 20 பேர் வரை இருமுவதாகக் கணக்கு. பெண்களுக்கும் கிழக்காசிய இனத்தவருக்கும் இன்னும் அதிகம். மாத்திரை தொடங்கிய அன்றே வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். ஏமாறுவது அங்கேதான்: ஆறு மாதமாகச் சாப்பிடும் மாத்திரையின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. பெயரின் வால் 'ப்ரில்' என்று முடிந்தால் டாக்டரிடம் கேளுங்கள். லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்ற மாற்று மருந்துகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. மாற்றிய பிறகும் இருமல் நிற்க ஒரு மாதம் ஆகலாம், சிலருக்கு மூன்று மாதம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இருமல் போய்ப் பக்கவாதம் வந்து சேரும்.

மூக்கு, மூச்சுக்குழாய், வயிறு

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, 'ப்ரில்' மாத்திரையும் இல்லை, புகைபிடிப்பதும் இல்லை என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று, அல்லது இரண்டு சேர்ந்து.

ஒவ்வாமையால் அடைத்த மூக்கிலிருந்து சளி தொண்டைக்குள் இறங்குவது ஒன்று. இழுப்பும் விசிலும் இல்லாமல் இருமல் மட்டுமே அறிகுறியாக வரும் ஆஸ்துமா இரண்டாவது. நள்ளிரவு தாண்டி இருமல் எழுப்பிவிட்டால் இதைச் சந்தேகிக்கலாம். இதற்கு மருந்து ஸ்டீராய்டு இன்ஹேலர். இன்ஹேலர் பழகிப்போய் அடிமையாக்கிவிடும் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது; அதற்கு அடிப்படை இல்லை.

மூன்றாவது, வயிற்று அமிலம் மேலேறுவது. இதில் ஆராய்ச்சி ஒரு திருத்தம் செய்திருக்கிறது. நெஞ்செரிச்சல் இல்லாதவருக்கு இருமலுக்காக மட்டும் ஒமெப்ரசோல் கொடுப்பதில் பலன் இல்லை என்று தெரிந்து, 2016-இல் அமெரிக்க நெஞ்சு மருத்துவர்களின் வழிகாட்டி அதை வேண்டாம் என்றது. இரவுச் சாப்பாட்டை முன்னேற்றுவதும், தொப்பையைக் குறைப்பதும், தலைமாட்டை உயர்த்துவதும் இன்னும் செல்லுபடியாகும்.

சிரப் பாட்டில்கள்

மருந்துக்கடைச் சிரப், சீனக்கடை 'பெய் பா கோவா' பாகு, வீட்டுக் கஷாயம் என்று நம் அலமாரியில் மூன்று இனமும் ஒற்றுமையாக இருக்கும். ஆடாதோடையை நான் குறைசொல்ல மாட்டேன்: அதிலுள்ள வாசிசினை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளிமருந்தே உருவானது. பிள்ளைகளின் சளி இருமலுக்குத் தேன் உதவுகிறது என்பதற்கும் ஆய்வு உண்டு (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் கூடாது). ஆனால் இவை சில நாள் இருமலுக்கானவை. மாதக்கணக்கான இருமலில் பாட்டில் மாற்றிக்கொண்டே போவது காரணம் தேடும் நாளைத்தான் தள்ளிப்போடும். கோடீன் சிரப்பும் அப்படியே: சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அது மேலாக இல்லை.

நரம்பே கூச்சம் கொண்டால்

எல்லாம் தேடியும் காரணம் கிடைக்காதவர்கள் உண்டு. சிரிப்பு, பேச்சு, குளிர்சாதனக் காற்று, ஊதுபத்தி, பக்கத்து வீட்டு மிளகாய்த் தாளிப்பு என எதற்கும் இருமல். முன்பு இதை மனப்பிரமை என்று தள்ளியவர்களும் உண்டு. இன்று மருத்துவம் சொல்வது: இருமல் நரம்பின் கூச்சம் அளவு மீறிவிட்டது, கரண்டு கம்பி தோல் உரிந்து நிற்பதைப் போல.

மிளகாயின் காரச்சத்தான கேப்சைசினை நுண்துளிகளாக முகரவைத்து, எந்த அளவில் இருமல் வருகிறது என்று அளக்கிறார்கள். அந்தக் காரத்தை உணரும் நரம்பு ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியசுக்கு 2021-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அதை அடைத்தால் இருமல் நிற்கும் என்ற எதிர்பார்ப்பு சோதனையில் பலிக்கவில்லை. பலித்தது இன்னொன்று: பி2எக்ஸ்3 என்ற ஏற்பி. 2015-இல் 24 நோயாளிகளிடம் நடந்த பிரிட்டிஷ் சோதனையில் அதை அடைக்கும் மருந்து பகல்நேர இருமலை முக்கால்வாசி குறைத்தது. பெரிய சோதனைகளில் பலன் சுருங்கியது. கெஃபாபிக்சாண்ட் என்று பெயர் பெற்ற அந்த மருந்து வெறும் மாத்திரையைவிட ஏறத்தாழ 18 விழுக்காடே கூடுதலாகக் குறைத்தது. சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேல் நாக்கின் ருசி கெட்டது. ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் அதை ஏற்றன. அமெரிக்கா இரண்டு முறை மறுத்தது. சாம்பாரில் உப்பு தெரியாமல் வாழ்வதா, இருமிக்கொண்டு வாழ்வதா என்று ஒரு நோயாளி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் அது நல்ல மருந்து ஆகாது.

இதைவிட எளிய வழி பேச்சுப் பயிற்சி. ஆஸ்திரேலியாவில் ஆன் வெர்ட்டிகன் குழு 2006-இல் வெளியிட்ட சோதனையில், இருமல் எழும் கணத்தில் விழுங்குதல், மூக்கால் மெல்ல மூச்சிழுத்தல், தொண்டையை ஈரமாக வைத்தல் ஆகியவற்றைக் கற்றவர்களுக்கு நல்ல குறைவு தெரிந்தது. இதற்கு மாத்திரை வேண்டாம். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பக்கவாதத்துக்கு மட்டும்தான் அவர்கள் என்று நினைக்காமல், அங்கே அனுப்பும்படி டாக்டரிடம் கேட்கலாம்.

எட்டு வாரம் காத்திருக்கக் கூடாதவர்கள்

சளியில் இரத்தம், காரணமில்லாமல் உடல் இளைப்பது, இரவில் நனைக்கும் வியர்வை, மூன்று வாரமாகக் கம்மிய குரல், புகைபிடிப்பவரின் பழைய இருமல் திடீரென்று தன்மை மாறுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். புகைக்கூடத்தில் எத்தனை ஆண்டு, மருந்து அடித்தது எத்தனை ஆண்டு, கல்லுடைத்தது எத்தனை ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் அது இதயத்தின் இருமலாகவும் இருக்கலாம். உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால் கிளினிக் வரிசையில் நிற்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.