முகத்துக்குப் பூசின க்ரீம் கிட்னி வரைக்கும் போகுமா?

இன்னிக்கு நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் பத்திப் பேசலாம். முதல்ல ஒரு விஷயம்: இது ஒரு தனி நோயோட பேர் இல்ல. கிட்னியோட வடிகட்டி பழுதாகி, புரதம் சிறுநீர்ல ஒழுக ஆரம்பிச்சா சில அறிகுறிகள் சேர்ந்து வரும். அந்தத் தொகுப்புக்குத்தான் இந்தப் பேர். வடிகட்டி ஏன் பழுதாச்சுங்கறதைத் தனியா தேடணும்.

ஒவ்வொரு கிட்னியிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கு. கழிவை வெளியே அனுப்பிட்டு, அல்புமின் மாதிரியான புரதத்தை ரத்தத்துலயே நிறுத்தி வைக்கறதுதான் இதோட வேலை. சாதாரணமா ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்கும் குறைவான புரதம்தான் வெளியேறும். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்ல பெரியவங்களுக்கு அது 3.5 கிராமைத் தாண்டிடும்.

எப்படித் தெரிஞ்சுக்கறது? காலைல எழுந்ததும் கண்ணைச் சுத்தி வீக்கம் இருக்கும். சாயங்காலம் கணுக்கால் வீங்கும், விரலால அழுத்தினா குழி விழும். சிறுநீர்ல சோப்புத் தண்ணி மாதிரி நுரை வந்து, சீக்கிரம் அடங்காம நிக்கும். உடம்புல தண்ணி தேங்கறதால எடையும் ஏறும். ரத்தப் பரிசோதனையில அல்புமின் குறைஞ்சும் கொலஸ்ட்ரால் கூடியும் இருக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே "தூக்கம் சரியில்ல, அதான் முகம் வீங்கியிருக்கு"ன்னு பல பேர் விட்டுடறாங்க. ஆனா கவனிக்காம விட்டா ரத்தம் உறையறதும் தொற்று வர்றதும் சுலபமாயிடும்.

காரணம் என்ன? சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 'மினிமல் சேஞ்ச்' என்ற வகை வரும். ஸ்டீராய்டு கொடுத்தா அனேகமா அடங்கிடும், திரும்பியும் வரலாம். பெரியவங்களுக்கு சர்க்கரை நோய், லூபஸ், ஹெபடைட்டிஸ் பி, சில வலி மாத்திரைகள்னு பட்டியல் நீளும். 'மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி'யும் அதுல ஒண்ணு. நம்ம எதிர்ப்புச் சக்தியே வடிகட்டியைத் தாக்கறதால வர்றது இது.

இதுல ஒரு காரணம் பாத்ரூம் அலமாரியிலேயே இருக்கலாம். கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதியோட வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற அபூர்வமான வகை இருந்தது. அந்த 15 பேர்ல 13 பேர், நோய் வர்றதுக்கு முன்னாடி முகம் வெளுக்கற க்ரீம் பூசினவங்க!

ஏன்னா, அந்த மாதிரி சில க்ரீம்கள்ல பாதரசம் கலக்கறாங்க. அது தோல்ல மெலனின் உருவாகறதைத் தடுக்கும், அதனால நிறம் சீக்கிரம் வெளுக்கும். ஆனா தோல் வழியா ரத்தத்துக்குள்ளயும் போய்டும். இந்தியாவில் இந்த மாதிரி முக க்ரீம்களில் வேண்டுமென்றே பாதரசம் சேர்க்க அனுமதி இல்லை. இருந்தும் லேபிள்ல சேர்மானம் எதுவும் போடாத டப்பாக்கள் விற்பனையில இருக்கு. ஆறுதலான விஷயம், அந்தக் கேரள நோயாளிகள்ல பெரும்பாலானவங்களுக்கு க்ரீமை நிறுத்தினதும் சரியாச்சு.

அதனால வீக்கமும் நுரையும் இருந்தா, முதல்ல ஒரு சாதாரண யூரின் டெஸ்ட் எடுங்க. அதுல புரதம் தெரிஞ்சா நெஃப்ராலஜிஸ்ட்டைப் பாருங்க. காரணத்தை உறுதி செய்ய பயாப்ஸி தேவைப்படலாம். போகும்போது மாத்திரை, லேகியம், ஜிம் பவுடரோட நீங்க பூசற க்ரீம் டப்பாவையும் எடுத்துட்டுப் போங்க. டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களே காட்டுங்க.