சிறு செலவில் அருவிச் செலவு

செலவு என்னும் சொல்லுக்குப் பண்டைத் தமிழில் பயணம் என்று பொருள். இக்காலத்திலோ அது பணம் கழிவதையே குறிக்கின்றது. புறப்பட்ட மாணாக்கர் பலர்க்கு இவ்விரண்டும் ஒன்றாகவே முடிகின்றன. ஆண்டுதோறும் விடுமுறை நெருங்குங்கால் விடுதி மாணாக்கர் சிலர் எம்மிடம் வந்து, "ஐயா, மதுரையிலிருந்து காலையிற் சென்று, குளித்து, இரவுக்குள் மீளத்தக்க அருவி யாது? கையில் அதிகப் பணம் இல்லை" என்று வினவுவது வழக்கம். அதற்கு யாம் ஒரு வினாவையே விடையாகக் கூறுவோம்: "எந்த மாதத்திற் போகின்றீர்?" இதனைக் கேட்டு நகைப்பாரும் உளர். ஆயினும், பணத்தைக் காப்பதும் சில வேளை உயிரைக் காப்பதும் இவ்வொரு வினாவே என்பதை விளக்குதற்கே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம்.

இதனை யாமும் நூலிற் படித்து அறிந்தோம் அல்லோம். சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை வெயிலின் கொடுமை பொறாமல், பதினால்வர் கூடி ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, வாடிப்பட்டிக்கு அப்பால் சிறுமலைச் சாரலில் உள்ள குட்லாடம்பட்டி அருவிக்குச் சென்றோம். நகருக்கு மிக அண்மையது அதுவே. தொலைவு ஏறத்தாழ 35 கி.மீ. சென்று பார்த்தால், அருவி இருக்கவேண்டிய இடத்தில் கரிய பாறை ஒன்று நெடிது நின்றது. அதன் நடுவே நீர் ஓடிய தடம் மட்டும் வெண்மையாய்த் தெரிந்தது. குரங்குகள் எம்மை இரக்கத்தோடு நோக்கின. கொண்டுசென்ற குடிநீரையே முகத்தில் தெளித்துக்கொண்டு மீண்டோம். வேனுக்குக் கொடுத்த கூலி இன்றும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

குற்றம் அருவியினது அன்று. மதுரை மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடப்பது. ஆனி முதலாக வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தான் சுமந்து வரும் நீரில் பெரும்பகுதியை மலையின் மேற்புறத்தே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாய் இப்பக்கம் இறங்குகின்றது. இங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 85 செ.மீ. அளவினதே, அதிலும் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. சிறுமலை, மேற்குத் தொடரினின்று பிரிந்து தனித்து நிற்கும் குன்றுத்தொகுதி. அதற்கு வாய்ப்பது பெரும்பாலும் இப்பின்மழையே. ஆகவே குட்லாடம்பட்டி அருவியை ஐப்பசி மழைக்குப் பின்னரே நாடவேண்டும். அப்பொழுது ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்தினின்று நீர் பாறையைத் தழுவி இறங்கும் காட்சி கண்ணுக்கு இனியது. அண்மையில் தாடகை நாச்சியம்மன் கோயிலும் உண்டு. வாடிப்பட்டி வரை நகரப் பஸ் செல்லும், அப்பால் கிராமத்துப் பஸ்ஸோ ஆட்டோவோ போதும், வேன் வேண்டா. அருவிப் பகுதி திறந்திருக்கின்றதா என்பதை மட்டும் முன்னரே வாடிப்பட்டியில் உசாவிக்கொள்ளுதல் நலம்.

ஆனி, ஆடி மாதங்களில் விடுமுறை கிடைத்தவர் நாடவேண்டியது குற்றாலம். இஃதும் மலைக்குக் கிழக்கேதான் உள்ளது. பின் மழை எவ்வாறு வந்தது எனின், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கத்தில் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் அமைந்திருக்கின்றது. வீட்டின் சுவரில் திறந்து வைத்த சாளரம் போன்றது அது. அதன் வழியே மேல்காற்று ஈரம் உலராமல் நுழைந்து தென்காசிப் பக்கத்தைச் சாரலால் நனைக்கின்றது. மதுரையில் புழுதி பறக்கும் அதே நாளில், 160 கி.மீ. தொலைவில், குடையும் வேண்டாத பூந்தூறலில் மக்கள் நனைந்துகொண்டு நிற்பர். ஒரே காற்று ஓரிடத்தில் வெதுப்பவும் ஓரிடத்தில் குளிர்விக்கவும் காண்பது பூகோள வகுப்பில் பத்து நாள் கேட்பதினும் பயனுடையது என்பது எம் கருத்து. பூகோள ஆசிரியர் பொறுத்தருள்க.

குற்றாலத்துப் பேரருவியைப் பற்றிப் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அத்துணை உயரத்தினின்று விழும் நீர் நேரே தலைமேல் விழுமாயின் எவரும் அதன்கீழ் நிற்றல் இயலாது. ஆனால் சிற்றாற்று நீர் பாறை முகட்டினின்று குதித்தவுடன் இடைவழியிலுள்ள ஓர் ஆழ்ந்த குடைவில் விழுகின்றது. அங்குப் பொங்கித் தன் வேகத்தைப் பெரிதும் இழந்து, விளிம்பு கடந்து, பாறை மேல் பரந்து வழிகின்றது. அக்குடைவுக்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். குளிப்பவன் தோளில் விழுவது இவ்வாறு தணிக்கப்பட்ட நீரே. இயற்கை இட்ட தடை அது. வெள்ளம் மிகும் நாளில் பொங்குமாங்கடல் நிரம்பித் தணிக்கும் திறனை இழந்துவிடுகின்றது. அப்பொழுது நீர் வளைவையும் தாண்டி வீழும். அந்நாளில் காவலர் அருவியை அடைப்பது பிடிவாதத்தால் அன்று.

மதுரையிலிருந்து செங்கோட்டை செல்லும் காலைப் புகைவண்டியில், முன்பதிவு இல்லாப் பெட்டியில் ஏறினால், விருதுநகர், சிவகாசி, இராசபாளையம், சங்கரன்கோவில் வழியாக ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் தென்காசியை அடையலாம். ஆங்கிருந்து குற்றாலம் 5 கி.மீ.; நகரப் பஸ் அடிக்கடி உண்டு. 2021 முதல் சாதாரண நகரப் பஸ்ஸில் மகளிர்க்குக் கட்டணம் இல்லையாதலால், மாணவியர்க்குச் செலவு இன்னும் சுருங்கும். பேரருவியில் கூட்டம் மிகுந்தால் ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்திற்கோ போகலாம்; இரண்டையும் ஒரே நாளில் பார்த்தே தீர்வோம் என்று ஓடுவோர் ஒன்றிலும் நன்றாகக் குளித்தவர் ஆகார். ஆடி மாதத்துச் சனி, ஞாயிறுகளை விலக்குக. அருவி நீர் ஒன்றாயினும், நெரிசலில் அரை மணி நின்று அரை நிமிடம் நனைவது எவர்க்கும் மகிழ்வு தராது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் சாலையோரத்தில் குவித்து விற்பர். கட்டுச்சோறு கொண்டுபோய்ச் சேமித்த பணம் முழுவதும் கரையும் இடம் அதுவே என்பதை அனுபவத்தாற் கூறுகின்றோம்.

கட்டுச்சோறு என்றமையால் உணவைப் பற்றியும் ஒரு சொல். புளிச்சோறு காலையிற் கட்டினால் மாலைவரை கெடாது. எலுமிச்சைச் சோறும் அத்தகையதே. தயிர்ச்சோறு கொண்டுபோவோர் அதனை முதலில் உண்டுவிடுக. வாழையிலையில் பொதிந்தால் பாத்திரம் சுமக்கவேண்டா; ஆனால் இலையை அருவிக் கரையில் எறிந்து வருதல் படித்தவர் செயலன்று. சென்ற ஆண்டு யாம் இவ்வாறு குற்றாலம் சென்று மீண்டதில், பழம் நீங்கலாகத் தலைக்கு 250 ரூபாய்க்கு மேற்படவில்லை. பழத்தின் கணக்கை இங்கு எழுதோம்.

இனி, எமக்கு மிக உவந்த கும்பக்கரை. பெரியகுளத்திற்கு அண்மையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் பாம்பாறு பாறைப் படிகளில் இறங்கும் இடம் இது. குற்றாலம் போல உயரத்தினின்று வீழும் அருவி அன்று. அகன்ற பாறையில் சறுக்கியும் சுழித்தும் வருவது. இடையிடையே ஆழ்ந்த குழிகள் உள. அவற்றை யானை கஜம், குதிரை கஜம், பாம்பு கஜம் என்று விலங்கின் பெயரால் ஊரார் வழங்குவர். பெயர் வேடிக்கையாயினும் குழி வேடிக்கையன்று. நீந்தத் தெரிந்தவரும் பாசி வழுக்கி அதனுள் வீழ்ந்தால் மீளுதல் அரிது.

இவ்வருவிக்கு இப்பொழுது செல்லுதல் எளிதாயிற்று. மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே ஓடிய குறுகிய பாதைப் புகைவண்டி, அகலப்பாதை அமைத்தற்பொருட்டு 2010-ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்டு, பதினோராண்டுக்கு மேல் ஓடாதிருந்தது. 2022 மே 27 முதல் தேனி வரையிலும், 2023 ஜூன் முதல் போடி வரையிலும் மீண்டும் ஓடுகின்றது. உசிலம்பட்டியையும் ஆண்டிபட்டிக் கணவாயையும் கடந்து செல்லும் அவ்வழியின் அழகுக்கே டிக்கட்டுப் பணம் தகும். தேனியிலிருந்து பெரியகுளத்திற்குப் பஸ். பெரியகுளத்திலிருந்து அருவி ஏறத்தாழ 8 கி.மீ. இந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் ஆட்டோ அமர்த்துதல் நலம். ஐவர் ஆறுபேராய்ப் பகிர்ந்துகொண்டு, மீளும் நேரத்தையும் கூலியையும் ஏறுமுன்னரே பேசிக்கொள்க. ஐப்பசி முதல் தை வரை நீர் நிரம்ப இருக்கும். கோடையிலும் கொடைக்கானலில் இடிமழை பெய்தால் வரும்.

கம்பத்திற்கு அருகிலுள்ள சுருளியைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். மதுரையிலிருந்து 120 கி.மீ. அளவாகிய பஸ் வழி ஒரே நாளில் மீளுவார்க்குச் சற்றே நெடிது. மேகமலையினின்று வரும் அந்நீருக்கு இரு பருவத்து மழையும் உதவுகின்றன. அப்பகுதி 2021-இல் அமைந்த திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது. யானைகள் வழியில் நிற்கும் நாளில் வனத்துறையார் மக்களை உள்ளே விடார். தொலைவிலிருந்து சென்று வாயிலில் திரும்புவது வருத்தமே. யானைக்கும் அது தன் வீட்டு வாயில் என்க. இன்னொன்றும் உண்டு. சுருளியாறு முல்லையாற்றிற் கலந்து, வையையில் சேர்ந்து, 1959-இல் திறக்கப்பட்ட வையை அணையில் தேங்கி, குழாய் வழியே மதுரையின் வீடுகளுக்கு வருகின்றது. அங்கே சவர்க்காரம் தேய்த்துக் குளித்தவர் இங்கே அதனைப் பருகுகின்றார்.

இனி, மாதத்தை வினவுவது உயிரைக் காக்கும் என்று மேலே கூறியதற்கு வருவோம். நீர் வரும் பருவத்திற் செல்க என்றோம். அப்பருவமே வெள்ளம் வரும் பருவமுமாம். அருவியில் நிற்பவன் தன் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்க்கின்றான். அருவிக்கு நீர் தருவதோ அவன் காணாத வானம். கொடைக்கானல் 7,000 அடி உயரத்தில் உள்ளது. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர் முதல் வீடுகளைக் கட்டியபோது, கீழ்நாட்டு வெப்பத்தினின்றும் நோயினின்றும் விடுபடுதற்குரிய அதன் குளிர்ச்சியே அவர்களை ஈர்த்தது. வட்டக்கானலிலும் வெள்ளகவியிலும் பெய்யும் மழை செங்குத்தான சரிவில் இறங்கிக் கும்பக்கரையை அடைகின்றது. முன்னரே நனைந்து கிடக்கும் மண் மேலும் நீரை உறிஞ்சாது. பாறையோ ஒருபோதும் உறிஞ்சாது. ஆதலின் பல சதுர மைல் பரப்பில் பெய்தது அத்தனையும் ஓர் ஓடையில் திரண்டு ஒருங்கே வருகின்றது. கீழே வெயில் காயும், காக்கை கரையும், நீர் மட்டும் ஏறும்.

அதற்கு அறிகுறிகள் உள. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கிச் செந்நிறம் கொள்ளும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். ஓசை தடிக்கும். சற்றுமுன் உலர்ந்திருந்த பாறை விளிம்பு நனைந்திருக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் கரையேறுக. மற்றவை வருமட்டும் காத்திராதீர். ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அது நம் உடலைத் தள்ளும் வலிமை நான்மடங்காகும். ஆதலின் முழங்கால் அளவு நீரும் ஆளைச் சாய்க்கும்.

ஒரு கார்த்திகை மாதத்தில் யாம் கும்பக்கரையில் இருந்தபோது, நண்பகல் கழிந்து வனக்காவலர் ஒருவர் ஊதலை விடாது ஊதினார். வானம் தெளிவாகவே இருந்தது. அனைவரும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினோம். எம்முடன் வந்த மாணாக்கருள் ஒருவர், எதிர்ப்பாறையில் வைத்த தம் சட்டையையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வருவதாகக் கூறித் திரும்பி இரண்டடி வைத்தார். காவலர் அவர் கையைப் பற்றி இழுத்தார். சற்று முரட்டுத்தனமாகவே இழுத்தார். மாணாக்கர் சினந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லி முடிக்குமுன் அப்பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. செந்நீர் அதன்மேல் சென்றது. ஒருவரும் பேசவில்லை.

எல்லார்க்கும் அத்தகைய கை வாய்ப்பதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம், குளித்துக்கொண்டிருந்த பதினேழு வயது மாணவன் ஒருவனைக் கொண்டுசென்றது. ஆனி பிறவாத வைகாசித் தொடக்கம் அது. சாரற்காலம் இன்னும் வரவில்லை. கோடைமழையே அது செய்தது. நம் விடுதியில் உள்ளாரிற் பலர்க்கு அவ்வயதே ஆகின்றது.

ஆகவே, புறப்படுவோர் முதல்நாள் இரவே வானிலை அறிவிப்பைப் பார்க்க. தாம் செல்லும் ஊருக்கு மட்டும் அன்று, மேலுள்ள மலைக்கும் சேர்த்துப் பார்க்க. அருவி அடைக்கப்பட்டுள்ளதா என்று செய்தித்தாளிலும், பெரியகுளம் அல்லது தென்காசிப் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையிலும் கேட்க. கடைக்காரர் கூற்றே பெரும்பாலும் முந்தியது. கூட்டத்தில் ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று நீரையே நோக்கியிருத்தல் வேண்டும். அவர் முறை வந்ததும் வேறொருவர் நிற்க. எண்ணெய்க் குளியல் செய்தவர் பாறையில் வழுக்குவர். குற்றாலத்தில் எண்ணெயும் சவர்க்காரமும் தடுக்கப்பட்டுள்ளன என்பதும் நினைவிருக்கட்டும். மாலை வண்டிக்கு ஒரு மணி முன்னரே அருவியை விட்டு நீங்குக; வண்டியைத் தவறவிட்டு வாடகை மோட்டாரில் மீண்டவர்க்குச் சிறு செலவு என்னும் பேச்சே இல்லை.

கண்ணாடி இழந்த அம்மாணாக்கர் இப்பொழுது பட்டம் பெற்று வெளியூரில் பணி செய்கின்றார். வருகின்ற கார்த்திகையில் விடுமுறைக்கு வருவதாகவும், கும்பக்கரைக்கே போகவேண்டும் என்றும் எழுதியிருக்கின்றார். கரையில் முதல் முறை நிற்பவர் தாமே என்றும் குறித்திருக்கின்றார். புளிச்சோறு எம் பொறுப்பு.