கைத்திறமும் ஊகமும்

மக்கள் நாள்தோறும் செய்யும் செயல்களிற் பெரும்பாலான, முற்றும் அறிந்து செய்வனவும் அல்ல. முற்றும் அறியாது செய்வனவும் அல்ல. குழம்பில் இடும் உப்பை நிறுத்து இடுவார் யார்? மேகத்தைப் பார்த்து விதைக்கும் உழவனும், தலைச்சுமையின் எடையைத் தராசின்றிச் சொல்லும் கூலியாளும், மலைப்பாதை வளைவில் எதிரே வரும் வண்டிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணிக்கும் ஓட்டுநரும் ஒருவகை மதிப்பினாலேயே தம் தொழிலை நடத்துகின்றனர். இம்மதிப்பை ஒருவரிடத்திற் கண்டால் திறம் என்று புகழ்கின்றோம். மற்றொருவரிடத்திற் கண்டால் வெறும் ஊகம் என்று தள்ளுகின்றோம். புறத்தே ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டிற்கும் உள்ளே யாது வேறுபாடு என்பதைக் கொல்லிமலையையும், அதன் அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்தையும் சான்றாகக் கொண்டு ஆராயப் புகுகின்றோம். அவ்வூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் போகப்போக விளங்கும்.

சேந்தமங்கலம் நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலைக்கு மேற்கே அமைந்த பேரூர். மலையில் விளையும் பலா, வாழை, அன்னாசி, மிளகு முதலியன எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்து ஊர்களுக்கு இறங்கி வருகின்றன. பலாப்பழம் விற்பாரைக் கூர்ந்து நோக்குக. அவர் பழத்தை அறுத்துப் பார்ப்பதில்லை, தட்டிப் பார்க்கின்றார். காய்க்கு ஓர் ஒலி. கனிந்த பழத்திற்குச் சற்றே அடங்கித் தளர்ந்த வேறோர் ஒலி. முள் விரிந்துள்ளதா, மணம் எழுகின்றதா என்பனவும் அவர் கருத்திற் படுகின்றன. ஆயினும் எதனால் அறிந்தீர் என்று வினவினால் அவரால் விடை கூற இயலாது. 'தட்டினால் தெரியும்' என்பதே அவர் கூறும் இலக்கணம்.

இது பாமரர் வழக்கு என்று எவரும் எள்ளற்க. ஆஸ்திரியா நாட்டில் சத்திரக்காரர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த ஔவன்புருக்கர் என்னும் மருத்துவர், நோயாளியின் மார்பை விரலால் தட்டி, உள்ளே நீர் கோத்திருத்தலை ஒலியினால் அறியும் முறையை 1761இல் நூலாக எழுதி வெளியிட்டார். தந்தையார் மதுப் பீப்பாய்களைத் தட்டி அவற்றிலுள்ள மதுவின் அளவை அறிந்ததை இளமையிற் கண்டதே அக்கருத்திற்கு வித்து என்பர். அவர் காலத்தார் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1808இல் நெப்போலியனுடைய மருத்துவராகிய கோர்விசார் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்த பின்னரே அஃது உலகெங்கும் பரவிற்று. ஔவன்புருக்கர் தம் செவியை மட்டும் நம்பினாரல்லர். தாம் தட்டி அறிந்ததை, நோயாளி இறந்தபின் உடலைத் திறந்து பார்த்து ஒப்புநோக்கினார். இச்செய்தியே நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல்.

பலா விற்பவருக்கும் அத்தகைய ஒப்புநோக்கல் நாள்தோறும் வாய்க்கின்றது. அவர் கனிந்ததென்று கூறிய பழம் அன்றே அறுபடுகின்றது. காயாயிருப்பின் வாங்கினவர் மறுநாளே வந்து சண்டையிடுவார். பழம் எவர் முகத்திற்காகவும் பொய் சொல்லாது. இவ்வாறு ஆயிரம் பழங்கள் அவர் செவியைத் திருத்தியிருக்கின்றன. குறி சொல்வார்க்கோ இத்தகைய ஆசிரியர் இல்லை. பலித்த குறியை ஊரார் பல ஆண்டுகள் பேசுவர். பலியாததை மறுவாரமே மறப்பர். முப்பது ஆண்டு குறி சொன்னவரும் முதல்நாள் இருந்த நிலையிலேயே நிற்கின்றார். நம் விடுதியில் தேர்வுக்கு முன்னாள் இரவு 'இன்ன வினா வந்தே தீரும்' என்று உரைக்கும் நண்பர்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவரே. அவர்கள் கூறியவற்றுள் தவறியவற்றை எவரும் குறித்துவைப்பதில்லை. அவர்களுக்குப் புகழ் குறையாமைக்கு அதுவே காரணம். ஆகவே, திறம் என்பது ஊகத்தின் வேறாய ஒன்றன்று. விடை பெற்றுப் பெற்றுத் திருந்திய ஊகமே திறம் என்று நாம் கொள்கின்றோம்.

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயில்வார்க்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருவான். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்பவற்றையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்தது என்று வன்பரணர் பாடிய செய்தி புறநானூற்று 152ஆம் பாட்டிற் காணப்படுவது. அம்பின் வல்லமையைப் பலரும் எடுத்துப் பேசுவர். நமக்கோ அப்பாட்டின் பிற்பகுதியே சுவை மிக்கதாகத் தோன்றுகின்றது. புலவர் முன் நிற்பவன் தன் பெயரைச் சொல்லவில்லை. அவன் கூலிக்குக் கொல்பவனாகத் தோன்றவில்லை, செல்வம் உடையவன், மார்பில் ஆரம் தாழ்கின்றது. இவற்றைக் கண்ட புலவர், இவன் ஓரியோ, அல்லனோ என்று ஐயுறுகின்றார். ஐயத்தைக் குறிக்கும் 'கொல்' என்னும் இடைச்சொல்லை அவ்விடத்து அடுக்கி ஆளுகின்றார். பின்னர்ப் பாடிப் பார்க்கின்றார். வேந்தர்க்குரிய விளியைக் கேட்டவுடன் வேட்டுவன் நாணுகின்றான். ஐயம் தீர்கின்றது. வில்லாளியின் திறம் ஒருபால் நிற்க, புலவருடைய ஊகமும் குறிகளைக் கண்டு தோன்றி, சோதனைக்கு உட்பட்டு உறுதியான ஊகமாதலை நோக்குக.

இனி, விடை உடனே வாராத இடங்களைக் காண்போம். ஊகம் பிழைபட்டு உயிரைக் கொள்வது அங்கேதான்.

கொல்லிமலைக்கு ஏறக் கீழ்நாட்டார் நெடுங்காலம் அஞ்சினர். ஏறியவர் காய்ச்சலுடன் இறங்கினர். மலையின் பெயரையே 'கொல்லுவது' என்று பொருள் பண்ணிக்கொண்டோரும் உளர். மலைக்காற்றும் மலைநீருமே காரணம் என்பது பொது நம்பிக்கை. மேல்நாட்டாரும் இதில் மேம்பட்டாரல்லர். 'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்பதுதான் பொருள். இவ்வூகம் இத்தனை நூற்றாண்டு நிலைத்தமைக்குக் காரணம் மக்களுடைய அறிவின்மையன்று. கொசு கடித்துப் பல நாட்கள் சென்றே காய்ச்சல் தோன்றுகின்றது. அதற்குள் கடித்ததை நினைப்பவர் எவர்? செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்பார் கொசுக்களை ஒவ்வொன்றாகக் கீறி உருப்பெருக்கியில் நோக்கி, 1897 ஆகஸ்டு 20இல் ஒன்றன் இரைப்பையில் நோயின் உருவைக் கண்ட பின்னரே காற்றின்மேல் ஏற்றிய பழி நீங்கிற்று.

சேந்தமங்கலத்தை நிலைக்களமாகக் கொண்டிருந்த பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்ட் ஐயர், 1913இல் தம் மனைவியாராகிய ஈவ்லின் அம்மையாருடன் அம்மலையில் வாழச் சென்றார். அவர் கட்டிட வேலை அறிந்தவர். மருத்துவமும் ஓரளவு பயின்றவர். பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். மலைமக்களை அக்காலத்து வருத்திய நோய்களுள் நரம்புச்சிலந்தி ஒன்று. அரைக்கோல் நீளத்திற்கு மேலும் வளரும் மெல்லிய புழு காலின் தோலைத் துளைத்து வெளிவரும். அதனை இழுத்தால் அறுந்து உள்ளே அழற்சி மிகும். ஆதலின் சிறு குச்சியிற் சுற்றி, நாளுக்குச் சிறிது சிறிதாகப் பல நாள் எடுத்தல் வேண்டும். இது கைத்திறம், இழுப்பின் அளவை விரலே உணர்ந்து நிறுத்தும். மிகையாயின் புழு அறும். விடை உடனே கிடைத்துவிடும்.

ஆயின் புழு எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு எத்துணைத் தேர்ந்த விரலும் விடை தராது. புழு வெளிவரும் காலை ஒருவர் நீரில் வைத்தவுடன் அதன் குஞ்சுகள் நீரிற் கலக்கின்றன. நீர்த்தெள்ளு போன்ற ஒரு சிற்றுயிர் அவற்றை விழுங்குகின்றது. அந்நீரைப் பருகுவோர் உடலில் ஏறத்தாழ ஓராண்டு சென்றே புழு முற்றி வெளிப்படுகின்றது. இவ்வரலாற்றை 1870ஆம் ஆண்டளவில் துருக்கெஸ்தானத்தில் ஆராய்ந்து கண்டவர் பெட்சென்கோ என்னும் உருசியர். ஓராண்டுக்கு முன் குடித்த நீரையும் இன்றைய புண்ணையும் எந்தக் குடியானவர் இணைத்துப் பார்ப்பார்? பிராண்ட் ஐயர் குச்சியிற் சுற்றி எடுத்ததோடு அமையாது, மக்கள் நீருக்குள் கால்வைத்து இறங்காவண்ணம் கிணறுகளைச் சுற்றிக் கற்சுவர் எழுப்புமாறு தூண்டினார். குச்சி ஒருவரைக் காத்தது. சுவர் ஊரைக் காத்தது. இந்திய நாட்டில் இந்நோயின் கடைசி நிகழ்ச்சி 1996இல் இராசஸ்தானத்திற் பதிவாயிற்று. 2000இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாடு அதினின்றும் நீங்கியதென்று சான்றளித்தது. இதற்கெனத் தடுப்பு ஊசியோ தனி மருந்தோ தோன்றாமலே நோய் நீங்கியமை வியக்கத்தக்கது.

ஐயரவர்களோ 1929 ஜூனில் மலேரியாவின் கொடிய வகையாகிய கருநீர்க் காய்ச்சலால் அம்மலையிலேயே இறந்தார். கொசுவின் செய்தி அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே வெளியாகியிருந்தது. அறிதல் வேறு, காத்தல் வேறு என்பதை இங்கே கருதாமல் மேற்செல்ல மனம் வரவில்லை.

அவர் மைந்தர் பால் பிராண்ட் 1914இல் பிறந்தவர். ஒன்பது வயதிற் கல்விக்காக இங்கிலாந்து சென்று, முதலில் கட்டிட வேலையும் தச்சும் பயின்று, பின் அறுவை மருத்துவராகி, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயின் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873இலேயே கண்டிருந்தார். எனினும், அந்நோயாளியின் தசையே கெட்டு அழுகுகின்றது, விரல்கள் தாமே உதிர்கின்றன, அக்கையை அறுத்துச் செம்மைசெய்தால் புண் ஆறாது என்று மக்கள் மட்டுமன்றி மருத்துவரும் கொண்டிருந்தனர். ஊரார் அவர்களை ஒதுக்கியதற்கும் மருத்துவர் கைவிட்டதற்கும் அடிப்படையாயிருந்தது இவ்வூகமே. சோதித்தவர் இலர்.

1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்திற்குச் சென்ற பால் பிராண்ட், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியைத் தம் கையை அழுத்துமாறு வேண்டினார். அவர் அழுத்திய வன்மையில் மருத்துவர் வலியால் அலறிக் கையை விடுவித்துக்கொண்டார். அழுகிய கையா இவ்வாறு பற்றும்? முன்கைத் தசைகள் வலிமையுடன் இருக்கின்றன, உள்ளங்கைச் சிறு தசைகளை இயக்கும் நரம்பே செயலற்றது என்பது அவர்க்குத் தோன்றிற்று. இதுவும் ஊகந்தான், ஆனால் சோதிக்கத்தக்க ஊகம். வலிய தசைநார் ஒன்றைப் பிரித்து, செயலற்ற தசையின் தொழிலைச் செய்யுமாறு விரலிற் பொருத்தினார். புண் ஆறியது. மடங்கிய விரல் நிமிர்ந்தது.

அப்பால் ஒரு புதிர் எஞ்சிற்று. கைகள் நிமிர்ந்த பின்னரும் விரல்களிற் புண்கள் தோன்றியவண்ணம் இருந்தன. ஒருநாள் துருவேறிய பூட்டொன்று தமக்குத் திறவாதிருக்க, நோய்ப்பட்ட சிறுவன் ஒருவன் எளிதில் திறந்தமை கண்டு பால் பிராண்ட் வியந்தார். அவன் விரலை நோக்கியபோது சாவி எலும்புவரை வெட்டியிருந்தது. அவன் அதனை உணரவேயில்லை. நம் கை ஒரு பொருளைப் பற்றும்போது இவ்வளவு போதும் என்று நிறுத்துவது வலி. பலாப்பழம் தட்டுபவர் செவிக்கு அறுபட்ட பழம் எதுவோ, கைக்கு வலி அதுவே. அவ்விடை வாராத கை எவ்வளவு பயின்றாலும் தன் அளவைக் கற்றுக்கொள்ள மாட்டாது. விரல்களை உதிர்த்தது நோயன்று. உணராமற் பட்ட காயங்கள் என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

பின்னர் வேலூரில் நோயாளிகள் தச்சுப் பயின்ற இடத்தில் ஒவ்வொரு காயத்தையும் அதன் காரணத்தையும் குறித்துவைக்கலாயினர். சூடான பாத்திரம், உளியின் கைப்பிடி, செருப்பின் ஆணி எனக் காரணங்கள் ஒவ்வொன்றாய் அகப்பட்டன. மாலைதோறும் கைகால்களைக் கண்ணால் ஆராயும் வழக்கம் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஆயினும் இரவிற் படுக்கும்போது முழுமையாயிருந்த விரல் விடியலிற் குறைந்திருந்ததற்கு மட்டும் காரணம் புலப்படவில்லை. பழைய ஊகம் மீண்டும் தலையெடுக்க அஃது ஒன்றே போதுமானது. ஆகவே இரவில் விழித்திருந்து காவல் காத்தனர். எலிகள் வந்தன, உறங்குபவர் விரலைக் கடித்தன, அவரோ விழிக்கவில்லை. அதன்பின், நலம்பெற்று ஊர் திரும்பும் நோயாளி ஒவ்வொருவரும் தம்முடன் ஒரு பூனையையும் கொண்டு செல்லவேண்டும் என்று விதி செய்தனர்.